போதகர் மகனின் விரல்கள்

"இன்னொரு காகிதமும் சுத்திக் குடு, எல்ஸ்பெத்" என்று ஃபார்க்கர் லீத் கேட்கும்போதே, எல்ஸ்பெத்தின் இடது கை ரொட்டிக்கடை மேசைக்கு அடியில் இருக்கும் இரும்பு எடைக்கல்லைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. வலது கை உப்பும் வெண்ணெயும் மணக்கும் தட்டை ரொட்டியைச் சுற்றுகிறது. எதற்கு இரண்டாவது காகிதம்? எண்ணெய் கசியாமல் இருக்க என்கிறார் அவர். எழுதத்தான் என்கிறது கடைவீதி.

லீத்துக்கு ஐம்பது வயதிருக்கும். கவிதைப் புத்தகம் இரண்டு, நாவல் ஒன்று, எல்லாம் எடின்பரோவில் அச்சானவை. செத்துப்போன போதகரின் மகன். அப்பாவின் கறுப்புக் கோட்டையே முழங்கையில் ஒட்டுப்போட்டு மாட்டிக்கொண்டு விடியற்காலையில் துறைமுகத்தைச் சுற்றுவார். உதடு அசையும், சத்தம் வராது. நின்ற இடத்தில் எது கிடைத்தாலும் அதன்மேல் விரலால் தட்டிச் சீர் எண்ணுவார்.

அவர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு அறுந்துவிடும். "வாயை மூடுங்கடி, புத்தகம் உள்ள வருது" என்பாள் மீன் விற்கும் மோரக். அவளுடைய சிரிப்பை அப்படியே தூக்கி நாவலில் ஒரு விதவைக்கு வைத்துவிட்டார் என்பது அவள் வழக்கு. நாவலில் தங்களைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. கண்டுபிடிக்க முடியாதவர்கள் இன்னும் பேசவில்லை.

எல்ஸ்பெத்தின் சந்தேகம் வேறு. போன இலையுதிர் காலத்தில் ஒரு விடியலில் அவள் கணவன் டேவி படகேறப் போனவன் பாதியில் திரும்பிவந்து, அடுப்பருகே உட்கார்ந்தான். அன்று மாலை படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் கரை சேரவில்லை. டேவி குடித்துவிட்டுக் கிடந்தான், அதனால் தப்பினான் என்று ஊர் முடிவுகட்டியது. இப்போது எந்தப் படகிலும் அவனுக்கு இடமில்லை. மீன்பெட்டிக்கு ஆணி அடிக்கிறான்.

உண்மையை அவளிடம் மட்டும் சொன்னான். துறைமுகத்துப் படியில் போதகர் மகன் எதிரே வந்தார். போதகரோ அவர் ரத்தமோ எதிர்ப்பட்டால் கெட்ட சகுனம்; கரையில் இருப்பவர்கள் இரும்பைத் தொட்டுக்கொள்வார்கள், படகுக்காரர்கள் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை. அப்பன் பாட்டன் காலத்து வழக்கம், அதனால் திரும்பிவிட்டான். மற்ற இருவரும் முன்னமே படகில் ஏறியிருந்தார்கள். பார்த்த சாட்சி லீத் ஒருவர்தான். டேவி சொன்னால் குடிகாரனின் சாக்கு என்பார்கள். லீத் சொன்னால் நம்புவார்கள். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. புது நாவல் எழுதுகிறாராம். அதற்காகத்தான் பொத்தி வைத்திருக்கிறாரோ? அதில் டேவி யார்? குடிகாரனா?

இன்று காலை கடையில் வேறு யாரும் இல்லை. எல்ஸ்பெத் ரொட்டியை நீட்டினாள், பிடியை விடவில்லை.

"அன்னிக்கு எம்புருஷன் எதிர்ல வந்தது நீங்கதான?"

"நான்தான்."

"அத ஊர்ல சொன்னா என்ன? நாக்கா தேஞ்சிடும்?"

அவர் ரொட்டியைப் பார்த்தபடி பேசினார். "செத்தவங்க ரெண்டு பேரோட அம்மாவும் இந்தத் தெருவுலதான் இருக்காங்க. டேவி எதிர்ல வந்து நின்னவன் எம்புள்ள எதிர்ல ஏன் வந்து நிக்கலன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

அவளுக்கு ஒரு கணம் நம்பக்கூடத் தோன்றியது. ஆனால் அந்த வாக்கியம் கொஞ்சம் அதிகமாகவே திருத்தமாக இருந்தது. ஏற்கெனவே எங்கோ எழுதிப் பார்த்ததைப் போல.

"அப்ப கதையிலயும் வராதா?"

லீத் வாயைத் திறந்தார். அதற்குள் வெளியே, கல் பாவிய சரிவில் ரப்பர் பூட்ஸ்களின் சத்தம் கேட்டது. கடல் ஓதம் ஏறிவிட்டது, ஆட்கள் படகுக்கு இறங்குகிறார்கள். இன்னும் நாலடியில் கண்ணாடி ஜன்னல் வழியே இந்தக் கோட்டைப் பார்த்துவிடுவார்கள்; பார்த்தால் இன்றைக்குப் படகேற மாட்டார்கள்.

எல்ஸ்பெத் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் சட்டென்று மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி, தலையைக் குனிந்து கோட்டுக் காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அப்படி ஒடுங்கி நின்ற மனிதனைப் பார்த்ததும் அவள் கை எடைக்கல்லைவிட்டு மெல்ல நழுவியது.

பூட்ஸ்கள் ஜன்னலைத் தாண்டின. யாரோ இருமினார்கள், யாரோ மோரக்கின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். லீத் திரும்பவில்லை. மாவு மூட்டையின்மேல் அவர் விரல்கள் மட்டும், போகிற காலடிகளை ஒன்றுவிடாமல் தட்டி எண்ணிக்கொண்டிருந்தன.