தோற்றவன் விசிற வேண்டும்

எங்கள் மாடிக் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டைத் துண்டு ஆணியில் தொங்குகிறது. மின்விசிறி வாங்கியபோது வந்த பெட்டியிலிருந்து கிழித்தது. அதில் அச்சடித்த விசிறிப் படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. கரண்ட் போன மாலைகளில் அசல் விசிறி சும்மா தொங்க, எனக்கும் மச்சானுக்கும் காற்று கொடுத்தது இந்தப் படத்து விசிறிதான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், கீழ்வீட்டில் குடியிருந்தார். புதுப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே கடலோரம் அணுமின் நிலையம். அங்கே அவர் கான்ட்ராக்ட் வெல்டர். நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஊழியன். நாட்டின் எரிசக்திக் கொள்கையைக் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரரின் பேப்பரை எட்டிப் பார்த்தே வகுத்து முடித்தவன். கரண்ட் போனதும் இருவரும் மாடிக்கு ஏறுவோம். நிலக்கரியா, அணுவா, சூரியனா என்று வாதம் நடக்கும். தோற்றவன் ஜெயித்தவனுக்கு விசிற வேண்டும். நடுவர் என் மனைவி. வாதத்தைக் கேட்காமலே, “அண்ணன் ஜெயிச்சிடுச்சு” என்று கீழேயிருந்து தீர்ப்பு வரும்.

நான் சூரியன் கட்சி. “வெயிலுக்கு எவனும் வெல கேக்க மாட்டான் மச்சான். உங்க உலையக் கட்டி முடிக்கறதுக்குள்ள நாம பேரன் எடுத்துடுவோம்” என்பேன். “கட்டிட்டா ராவு பகலு பாக்காம ஓடும். உன் சூரியன் ஆறு மணிக்கு வூட்டுக்குப் போற ஆபீசருப்பா” என்பார் அவர்.

வாதத்தை ஒரேயடியாக முடிக்க மாடியில் சோலார் தகடுகள் போட்டேன். ஒரு ஞாயிறு, உச்சி வெயிலில் கரண்ட் போனது. வெற்றி வீரனாகச் சுவிட்சைப் போட்டேன். விசிறி அசையவில்லை. பேட்டரி இல்லாத என் சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடுமாம். விற்றவர் அதைச் சொல்லத்தான் பார்த்தார். நான்தான் அவருக்கே சூரியனைப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். “இன்னா மச்சான், சூரியனும் ஸ்ட்ரைக்கா?” என்று மச்சான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

அன்று நான் விசிறிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்: “இங்க வேல முடியப் போவுது. அடுத்த உல கட்றதா வேணாமான்னு டில்லில பேசிக்கினே கீறாங்க. கட்னா இங்கியே கெடப்பேன். நீ சொல்ற சூரியன் ஜெயிச்சா பொட்டியக் கட்டணும்.” என் கை நின்றது. “விசிறு, விசிறு” என்றார்.

மறுநாளே வெட்கமில்லாமல் கட்சி மாறினேன். பஸ்ஸில் அணுவுக்காகத் தொண்டை வறளப் பேசினேன். ஓட்டுநர் வரைக்கும் கேட்டது, டில்லிக்குக் கேட்கவில்லை.

மச்சான் இப்போது ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கிறார். சோலார் தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கு வெல்டிங். “உன் பழைய கட்சிக்கே வந்துட்டேன்” என்று போனில் சிரிப்பார். கீழ்வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் பேட்டரியும் வாங்கிவிட்டேன். கரண்ட் போவதே தெரிவதில்லை. இத்தனை வசதியை யார் கேட்டது?

நேற்று மாலை தெரு இருண்டது. சுழலும் விசிறியை விட்டுவிட்டு, அட்டையோடு மாடிக்குப் போய் மச்சானைக் கூப்பிட்டேன்.

“கரண்ட் பூட்ச்சா?”

“பூட்ச்சு மச்சான்.”

“அப்போ யாரு விசிறணும்?”

அவர் என் கட்சியில், நான் அவர் கட்சியில். தோற்றது யாரென்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் காலி நாற்காலியில் வைத்துவிட்டு விசிற ஆரம்பித்தேன். அட்டை படபடத்தது.

பிறகு போனிலிருந்து குரல் வந்தது: “இன்னும் கொஞ்சம் வேகமா, மச்சான்.”