பக்கத்து மேசை

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நேரே விற்பனைப் பலகைக்கு முன்னால் போய் நிற்பாள். முதலில் பக்கத்து மேசைக்காரரின் விற்பனை எண்ணிக்கையைப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் தன்னுடையது. உடனே நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்று வாய்க்குள் போகும். மிட்டாய் மாதிரி சப்புவாள்.

நகலெடுக்கும் இயந்திரங்களை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி விற்பது அவள் வேலை. பதினோரு வருஷம் ஆகிறது. லிஃப்ட் கண்ணாடியில் மூன்று விதமாகச் சிரித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்துகொண்டு வெளியே வருவாள். "யோசிச்சு சொல்றோம்" என்று அனுப்பிவிட்டால், வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை அந்தச் சிரிப்பு கலையாது. அப்புறம் பல்லைக் கடிக்கத் தொடங்குவாள். கடைவாய்ப்பல் இரண்டு தேய்ந்தே போய்விட்டன.

"தூக்கத்துல எனக்கே ரெண்டு மிஷின் வித்துட்டா" என்று கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள். "என்ன விலைக்குன்னு கேட்டீங்களா?" என்பாள்.

பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். மணி ஆறானால் பையைத் தூக்கிவிடுவதால் அவருக்கு 'ஆறு மணி' என்றே பெயர். தொலைபேசியில் யார் கத்தினாலும் "நல்லதுங்க சார்" என்று வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து அடுத்த எண்ணை அழுத்துவார். பலகையில் அவர்தான் முதல். "அது எப்படிங்க அவருக்கு மட்டும் எதுவுமே உறைக்கமாட்டேங்குது?" என்று அவள் கேட்காத ஆள் இல்லை.

புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு அவர் காணாமல் போவதைக் கண்டுபிடித்தாள். பெரிய இடம் எதையோ ரகசியமாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டி, போன வாரம் பின்னாலேயே போனாள். அவர் பேசி முடிக்கட்டும், பிறகு போய் விலையைக் குறைத்துச் சொல்லலாம் என்று கீழேயே முக்கால் மணி நேரம் நின்றாள். அவர் இறங்கி வராததால் பொறுமையிழந்து மாடியேறி, பெயர்ப்பலகையைக்கூடப் படிக்காமல் அங்கிருந்த ஒரே அலுவலகத்தின் கதவைத் தள்ளினாள்.

"முதல் தடவையா மேடம்?" வரவேற்புப் பெண் படிவம் ஒன்றை நீட்டினாள். 'சரியாகத் தூங்குகிறீர்களா?' என்று கேட்டிருந்தது முதல் வரி. அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். மனநல ஆலோசகர்.

நழுவுவதற்குள் உள்கதவு திறந்தது. 'ஆறு மணி' வெளியே வந்தார். கண்கள் சிவந்து, இமைகள் வீங்கியிருந்தன.

"மேடம், நீங்களா?"

பொய் வாய்க்கு வரவில்லை. "உங்க கஸ்டமரைத் தட்டிட்டுப் போகலாம்னு வந்தேன் சார்."

அவள் கையிலிருந்த விலைப்பட்டியலை அவர் சற்றுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. "முன்னாடியெல்லாம் தினம் பாத்ரூம்ல உக்காந்து அழுதுட்டு வந்துதான் மேடம் போனையே எடுப்பேன். இங்க வந்தப்புறம்தான் ஆறு மணிக்குக் கிளம்பலாம்னே தெரிஞ்சுது."

"எத்தனை மாசமா வர்றீங்க?"

"எட்டு."

"நான் நாலுல முடிச்சிடுவேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்து வர வேண்டியவர் வரலையாம். போங்க மேடம்."

உள்ளே, வருகிறவர்களுக்கென்று இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஜன்னலோரம் இருந்ததில் உட்கார்ந்தாள்.

"அவர் எதுல உக்காருவார்?"

ஆலோசகர் அம்மா புன்னகைத்தபடியே நோட்டைத் திறந்தார். அவள் எட்டி அடுத்த நாற்காலியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. எழுந்து அதற்கு மாறி உட்கார்ந்தாள்.