மாடி வீட்டுக்காரரின் மூக்கு

எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸை நானே தேர்ந்தெடுத்தேன் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பதவி. வேறு யாரும் கேட்காததால் ஆண்டுதோறும் எனக்கே வந்தது. மற்றொன்று, மனித முகங்களைப் படமெடுப்பது. அதற்கு வெளிச்சத்தை நிறைய வாங்கும், ஜூம் இல்லாத லென்ஸ் வேண்டும். அரசுக் கொள்முதலிலேயே தலை நரைத்தவன். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, ஐம்பது மில்லிமீட்டர் என்று முடிவெடுத்தேன்.

மாடி வீட்டு நண்பர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐம்பதுன்னா மூஞ்சிகிட்ட போய் நிக்கணும் சார். மூக்கு பெரிசா விழும். எண்பத்தஞ்சு வாங்குங்க. பின்னாடி இருக்கறதெல்லாம் கரைஞ்சு போயிடும்."

"உங்களுக்கென்ன இவ்ளோ அக்கறை?"

"நான்தானே சார் முதல் மாடல்."

வாங்கினேன். மொட்டை மாடியில், சாயங்கால வெயிலில், எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். என் வாழ்நாளின் சிறந்த படம் அது.

மறுவாரம் அது குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே, 'செயலாளர் பதவிக்குப் போட்டியிடுகிறேன். ஒழுகும் தொட்டிக்கு உடனடித் தீர்வு.' அவருக்குப் பின்னால் பச்சை வெல்வெட்டாக மின்னுவது அதே தொட்டியின் பாசி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதுதான் அவர் மூக்கை முதல்முறையாகக் கவனித்தேன். பெரிய மூக்கு.

சங்க விதிகளைப் புரட்டினேன். எழுதியவனே நான்தான். வேட்பாளர் புகைப்படம் பற்றி ஒரு வரி இல்லை.

"கண்ணுல என்ன ஒரு நேர்மை பாருங்கோ மாமா," என்றார் கீழ்வீட்டுப் பெண்மணி, லிஃப்டில். அந்த நேர்மை, கண்ணிமையில் நான் வைத்த ஃபோகஸ்.

தோற்றேன். முறைப்படி முடிவை நானே அறிவித்து, சாவிகளையும் ஒப்படைத்தேன். அவர் கூச்சமே இல்லாமல், "நோட்டீஸ் போர்டுக்கு ஒரு படம் எடுத்துடுங்க சார்," என்றார்.

"எடுத்துட்டா போச்சு."

மறுநாள் போய் ஐம்பதை வாங்கி வந்தேன். அதே தொட்டிக்கு முன்னால் அவரை நிறுத்தி, மூஞ்சிக்கு வெகு அருகில் போய், பாசியும் விரிசலும் தெளிவாக விழும்படி லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எடுத்தேன். அட்டவணைப்படி முதலிலேயே வாங்கியிருக்க வேண்டிய லென்ஸ்.