வெள்ளிக்கிழமை மான்

வங்காலைச் சுவாம்பிள்ளை கடற்கரையிலை பிறந்து கடற்கரையிலை வளந்த மனிசன். தகப்பன் பேதுருப்பிள்ளை, தகப்பனுக்குத் தகப்பன் சந்தியோகுப்பிள்ளை, ஒருத்தரும் வலையை விட்டிட்டுக் காட்டுப்பக்கம் எட்டிப் பாத்தவையில்லை. தாய் வழியிலை மட்டும் ஸ்ரனிஸ்லாஸ் எண்டு ஒரு அம்மான். அவர் தோளிலை மருந்து இடிச்சு வெடிக்கிற இடியன் துவக்கோடை மடுக் காட்டுக்குள்ளை திரிஞ்சவர். அந்த ஒற்றை அம்மானாலை வந்த வினை, சுவாம்பிள்ளை சிசிலித் தீவுப் பலேர்மோ நகரத்திலை வருசக்கணக்காய், வெள்ளிக்கிழமை தவறாமல், மானாய் நிண்டார்.

அவர் பேப்பர் ஒண்டும் இல்லாமல் வந்து இறங்கினது தொண்ணூற்றி மூண்டிலை. பலேர்மோவிலை அல்பெர்கேரியாப் பகுதியிலை கத்தரீனா வீட்டிலை ஒதுங்கினார். கத்தரீனா ஆரெண்டால், சுவாம்பிள்ளையின்ரை தாய்க்கு மூத்தவ மதலேனா, அந்த மதலேனாவின்ரை தலைப்பிள்ளை. அவ வாய் திறந்தால் பலாரோ சந்தையிலை மீன் வெட்டுறவனும் கத்தியைக் கீழை வைச்சிட்டுக் கேப்பான். அவதான் வேலை தேடிக் குடுத்தா. லிபெர்த்தா றோட்டிலை மூண்டாம் மாடி. பெண்சாதி செத்த ஒரு கிழட்டு அப்புக்காத்து, கோட்டிலை வழக்குப் பேசினவர், பேர் லிபோரியோ, எழுபத்தெட்டு வயசு, இரண்டு கண்ணிலையும் வெண்படலம்.

சமைப்பியோ, நிலம் துடைப்பியோ எண்டு அந்த மனிசன் கேக்கேல்லை. ஒரே ஒரு கேள்விதான்.

"உங்கடை ஊரிலை மான் இருக்கோ?"

சுவாம்பிள்ளை யோசிக்க முதல் கத்தரீனா அவற்றை காலை மிதிச்சா. "மானோ? என்ன சினோரே கேக்கிறியள்! இவன்ரை அம்மான் மானுக்குக் காலன். இவன் வேட்டைக்காரப் பரம்பரை."

"எப்ப வேலைக்கு வாறாய்?" எண்டார் அப்புக்காத்து.

படியிறங்கேக்கை சுவாம்பிள்ளை கேட்டார், "அக்கா, நான் திருக்கையைத் தவிர ஒண்டையும் குத்தினதில்லையே?"

"அந்தக் கிழவன் உன்னை மான் பிடிச்சுக் கொண்டு வா எண்டோ கேக்கப்போறான்? பேசாமல் வா."

பிடிச்சுக் கொண்டு வரச் சொல்லேல்லைத்தான். அதைவிட மோசம்.

விசயம் இதுதான். அப்புக்காத்தும் அவற்றை பெண்சாதியின்ரை தமையன் ஜெர்லாந்தோவும் ஒரு முறையாவது ஹங்கேரிக்குப் போய்க் கொம்பன் மான் சுடவேணும் எண்டு முடிவெடுத்து, அப்ப பதினொரு வருசம். சிசிலியிலை காட்டு மான் இல்லாமல் போய்க் கன காலம். இரண்டு பேரும் தங்கடை வாழ்க்கையிலை முயலுக்கும் காடைக்கும் மேலை ஒண்டையும் சுட்டதில்லை. துவக்கே இன்னும் வாங்கேல்லை. வாங்குறதெண்டால் காலிப்ரோ தெரியவேணும். காலிப்ரோ எண்டால் குழல் எவ்வளவு அகலம், தோட்டா எவ்வளவு பெரிசு எண்ட கணக்கு. அதிலைதான் இரண்டு பேருக்கும் ஒத்து வரேல்லை.

அப்புக்காத்துக்கு ஏழுதர அறுபத்துநாலு எண்ட தோட்டாதான் வேணும். "மெல்லிசு, வேகம், நேராய்ப் போகும். தூரத்தைக் கொஞ்சம் பிழையாய் மதிச்சாலும் கவிழ்க்காது. தோளிலையும் உதையாது."

ஜெர்லாந்தோவுக்கு முப்பது-சைபர்-ஆறு. "உனக்குத் தோள் வலிக்குதெண்டால் கொசு அடி. அந்த மான் இருநூறு கிலோ. எலும்பிலை பட்டாலும் உள்ளுக்கை போகவேணும். பாரமான தோட்டாதான் போகும்."

மச்சான்மார் சண்டை எந்தத் தேசத்திலையும் ஒண்டுதான். துவக்குக்கு இடையிலை, அம்பத்தொன்பதாம் ஆண்டு சீதனமாய் வந்த அலுமாரி வரும். அலுமாரிக்கு இடையிலை செத்துப்போன சினோரா வருவா. சினோரா வந்தாப் பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சீறிப்போட்டுத் திரும்பவும் தோட்டாவுக்கு வருவினம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்டால் ஜெர்லாந்தோ சியாகுல்லியிலை இருக்கிற தன்ரை தோட்டத்து மந்தரின் தோடம்பழம் ஒரு பையோடை வந்திடுவார். உடனை சுவாம்பிள்ளையைக் கூப்பிடுவினம். தலையிலை ஓட்டை ஓட்டையான அரிதட்டைக் கவிழ்த்து, உடுப்புக் கொழுவுற கம்பி இரண்டை வளைச்சுக் கொம்பாய்ச் செருகி, நீளமான நடையின்ரை அந்தத் தொங்கலிலை பக்கவாட்டாய் நிக்கச் சொல்லுவினம். சட்டைப் பொக்கற்றுக்குள்ளை ஒரு தோடம்பழம். அது இருதயம். அப்புக்காத்து இந்தத் தொங்கலிலை முழந்தாளிலை நிண்டு குடையாலை குறி பாப்பார்.

"மான் எங்கை?" எண்டு கேப்பார்.

"உனக்கு முன்னாலைதான் நிக்குது, குருடா!" எண்டுவார் ஜெர்லாந்தோ.

"நான் இஞ்சை, அப்புக்காத்து," எண்டு மான் சத்தம் குடுக்கும்.

பிறகு குடை வெடிக்கும், வாயாலை. ஜெர்லாந்தோ சோக்குக் கட்டியோடை ஓடி வந்து, தோட்டா பட்ட இடத்தைச் சட்டையிலை வட்டம் கீறுவார். விலா எலும்புக்கு இடையிலை பட்டால் ஏழுதர அறுபத்துநாலு போதும், தோள்மூட்டிலை பட்டால் முப்பது-சைபர்-ஆறு வேணும். எதிலை பட்டது எண்டு தீர்க்க, வேட்டைக்காரப் பரம்பரை எண்டபடியால், மானையே கேப்பினம்.

ஒருக்கால் சுவாம்பிள்ளை தனக்குத் தெரிஞ்ச ஒண்டைச் சொன்னார். அம்மான் இடியனுக்குள்ளை போடுறது வலையிலை கட்டுற ஈயக்குண்டு. ஒரு அளவு எண்டில்லை, கையிலை வந்தது. "முன்னங்காலுக்குப் பின்னாலை நாலு விரல். அந்த இடம் தெரியாதவன் கையிலை பீரங்கி குடுத்தாலும் மான் வீட்டை போயிடும், இதுதான் அம்மான் சொல்லுறது."

இரண்டு கிழவன்மாரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டினம். பிறகு ஜெர்லாந்தோ கேட்டார், "அந்த ஈயக்குண்டு எத்தினை மில்லிமீற்றர்?"

சோக்குக் கீறின சட்டையைத் தோய்க்கிறது கத்தரீனா. முதல் நாள் கையிலை தூக்கிப் பிடிச்சுப் பாத்தா.

"டேய் தம்பி, நீ அங்கை என்ன வேலைதான் செய்யிறாய்?"

"மானாய் நிக்கிறன், அக்கா."

"ம்ம். சாப்பாடு தருவினமோ?"

"தருவினம். போகேக்கை இருதயத்தையும் என்னட்டையே தந்து விடுவினம்." தோடம்பழத்தை எடுத்து மேசையிலை வைச்சார்.

இப்பிடியே இரண்டரை வருசம் ஓட, அரசாங்கம் பேப்பர் இல்லாத ஆக்களுக்கு ஒரு கதவு திறந்தது. வேலை குடுக்கிறவர் ஒரு கையெழுத்து வைச்சால் பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதி கிடைக்கும். பெர்மெஸ்ஸோ கிடைச்சால் குடும்பத்தைக் கூப்பிடலாம். சுவாம்பிள்ளையின்ரை பெண்சாதி எமிலியானாவும் மகள் யூலியானாவும் மண்டபம் அகதி முகாமிலை இருந்தினம். விட்டிட்டு வரேக்கை பிள்ளைக்கு நாலு வயசு. ரெலிபோனிலை இப்ப அவள் "அப்பா" எண்டு சொல்ல முதல் தாய் பக்கத்திலை இருந்து சொல்லிக் குடுக்கிற சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்தைத்தான் சுவாம்பிள்ளையாலை தாங்க ஏலாமல் இருந்தது.

கையெழுத்து வைக்கிற கடதாசியை அப்புக்காத்தட்டை கொண்டு போனார். அப்புக்காத்து நல்ல மனிசன், மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். நாப்பது வருசத் தொழிலிலை, மேசையிலை ஒரு வழக்குக் கோவை திறந்திருக்க இன்னொரு கோவையை அவர் திறந்ததில்லை. அவரட்டைப் போன வழக்குகள் பேரப்பிள்ளையள் காலத்திலை முடிஞ்சதும் அதாலைதான். சாப்பாட்டு மேசை முழுக்கத் துவக்குப் புத்தகங்களும் தோட்டா அட்டவணையளும், நடுவிலை சிவப்பு நாடா அவிழ்த்த ஒரு கோவை. கோவைக்கு மேலை "மான்" எண்டு எழுதியிருந்தது.

"இது முடியட்டும், சுவாம். முடிஞ்ச உடனை உன்ரை."

ஜனவரி போச்சு. பெப்ரவரி போச்சு. மார்ச்சிலை கடைசிச் சனிக்கிழமை மத்தியானத்தோடை கதவு பூட்டு எண்டு அறிவிச்சாச்சு. கடைசி வெள்ளிக்கிழமை காலமை கத்தரீனா சொன்னா, "ஏன்ரா இப்பிடி முழிக்கிறாய்? எங்கடை கோயில் திருநாளுக்கு ஆர் முதல் உபயம் எண்டு சண்டை வந்தால் என்ன செய்யிறவை? திருவுளச்சீட்டுப் போடு. கடவுள் சொன்னால் அப்புக்காத்து மறுத்துக் கதைப்பானோ?"

பின்னேரம் சுவாம்பிள்ளை விசயத்தைச் சொன்னார். கிழவன்மாருக்கு நல்லாய்ப் பிடிச்சுப்போச்சு. எந்தப் புனிதருக்கு முன்னாலை எண்டதிலை மட்டும் கால் மணித்தியாலம் போச்சு. ஜெர்லாந்தோ வேட்டைக்காரருக்குப் பாதுகாவலர் புனித உபெர்த்தோ எண்டார்.

"அவன் வெளியூரான்!" எண்டார் அப்புக்காத்து. "எங்கடை ஊர்க் காவல் ரொசாலியா போதும். அவவே வேட்டைக்குப் போன ஒரு சவுக்காரக்காரனுக்குத்தான் மலையிலை காட்சி குடுத்தவ. அவவுக்குத் துவக்கு விளங்கும்."

சுவாம்பிள்ளை இரண்டு தோட்டாவுக்கும் சீட்டெழுதி, சுருட்டி, தன்ரை தலையிலை இருந்த அரிதட்டைக் கழட்டி அதுக்குள்ளை போட்டு, புனித ரொசாலியா சுரூபத்துக்கு முன்னாலை ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார். குலுக்கினார். அப்புக்காத்தின்ரை மடியிலை வைச்சார். வைச்ச பிறகுதான் எண்ணிப் பாத்தார், மூண்டு சீட்டு.

வங்காலையிலை திருவுளச்சீட்டு எண்டால், இரண்டு பேருக்கு இரண்டு சீட்டு, அதோடை ஒண்டும் எழுதாத வெறும் சீட்டு ஒண்டு. அது ஆண்டவருடையது. இதிலை ஒண்டைத்தான் எடுக்கவேணும் எண்டு கடவுளுக்குக் கட்டளை போடப்படாது எண்டது அங்கத்தை முறை. பழகின கை, யோசிக்காமல் மூண்டாவதையும் சுருட்டிப் போட்டிட்டுது. எடுப்பம் எண்டு கையை நீட்ட, கிழவன்ரை கை முந்திட்டுது.

அப்புக்காத்து சீட்டை விரிச்சார். கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சார், தூரப் பிடிச்சார், யன்னல் பக்கம் திருப்பினார்.

"நாசமாய்ப் போன கண். ஒண்டும் தெரியேல்லை. சுவாம், நீ வாசி."

சுவாம்பிள்ளை வாங்கிப் பாத்தார். வெள்ளைக் கடதாசி. கிழவன்ரை கண்ணிலை பிழையில்லை.

அந்த நிமிசத்திலை அவர் நினைச்சதையெல்லாம் சொல்லப் போனால் விடிஞ்சிடும். ஏழுதர அறுபத்துநாலு எண்டு சொன்னால் முடிஞ்சுது, கிழவன் துள்ளுவார், கையெழுத்து விழும். ஜெர்லாந்தோ அப்புக்காத்தின்ரை கதிரைக்கு மற்றப் பக்கம். ஆர் காணப்போகினம்? ஆனால் ரொசாலியா காணுறா. திருவுளச்சீட்டிலை பொய் சொன்னவன்ரை பிள்ளை... அதுக்கு மேலை அவராலை நினைக்க முடியேல்லை. அந்தப் பிள்ளைக்காகத்தானே எல்லாம்.

"ஒண்டும் இல்லை, அப்புக்காத்து," எண்டார். "வெறும் சீட்டு."

ஜெர்லாந்தோ எழும்பி வந்து பறிச்சுப் பாத்தார். "இதென்ன பகிடி? இது பிழை! திரும்பப் போடு!"

அப்புக்காத்து கையை உயர்த்தினார். அப்பிடி அவர் கை உயர்த்தினதைச் சுவாம்பிள்ளை அதுக்கு முதல் கண்டதில்லை. இருந்தாப்போலை பத்து வயசு குறைஞ்ச மாதிரி நிமிந்து இருந்தார்.

"மச்சான், இரு. பதின்மூண்டு வருசமாய் நாங்கள் இதைத் துவக்கு விசயம் எண்டு நினைச்சிட்டம். இது வழக்கு. எதிரி மான். சாட்சி கேட்டம், இரண்டு தரப்பும் வாதாடினம், புனிதவதி தீர்ப்புச் சொல்லிப்போட்டா. தண்டனை ஒண்டும் இல்லை." பேனையை எடுத்துக் கோவைக்கு மேலை தடவித் தடவி எழுதினார்: விடுதலை. சிவப்பு நாடாவைக் கட்டினார்.

"நான் மேன்முறையீடு செய்வன்!" எண்டு கத்தினார் ஜெர்லாந்தோ.

"முப்பது நாள் தவணை இருக்கு. எழுத்திலை குடு. இப்ப மேசை வெறுமை. சுவாம், உன்ரை கடதாசியைக் கொண்டு வா."

கொண்டு வந்தார். மேசையிலை விரிச்சார். அப்புக்காத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு நிரப்பினார். என்ன வேலை எண்ட இடத்திலை நிண்டார். நாப்பது வருசம் பொய்ப் பத்திரம் எழுதாத மனிசன். "வீட்டு வேலை, சமையல்" எண்டு எழுதி, கொமா போட்டு, "மான்" எண்டும் எழுதிக் கையெழுத்து வைச்சார்.

"ஐயோ, அப்புக்காத்து, அது வேண்டாம்!"

"நீ செய்த வேலையை நான் மறைக்கிறதோ? சட்டத்துக்கு விரோதம்."

அடுத்த நாள் குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரிலை விடியப் போய் நிண்டு, பதினொன்றரைக்குக் கண்ணாடிக்கு முன்னாலை வந்தார். உள்ளுக்கை இருந்த மீசைக்கார உத்தியோகத்தர் வாசிச்சார். திரும்ப வாசிச்சார். சுவாம்பிள்ளையை மேலையும் கீழையும் பாத்தார்.

"இஞ்சை மான் எண்டு கிடக்கு."

"ஓம், சினோரே."

"நீ மானோ?"

"வெள்ளிக்கிழமையளிலை மட்டும்."

உத்தியோகத்தர் பேனையைக் கீழை வைச்சார். மனிசன் கண்ணாடிப் பக்கம் குனிஞ்சு, பின்னாலை நிக்கிற சனத்துக்குக் கேக்காமல் கேட்டார், "நானும் வருசா வருசம் சர்தேஞ்ஞாத் தீவுக்குக் காட்டுப்பண்டி சுடப் போறனான். உன்ரை ஆள் என்ன காலிப்ரோ?"

சுவாம்பிள்ளைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன்ரை விலாவிலை நாலு விரலை வைச்சுக் காட்டினார்.

"இந்த இடம் தெரிஞ்சால் எதுவும் சரி. தெரியாட்டி ஒண்டும் சரியில்லை. நான்தான் சொல்லுறன், மான்."

உத்தியோகத்தர் தன்ரை விலாவிலையும் நாலு விரலை வைச்சுப் பாத்தார். தலையை ஆட்டினார். முத்திரையைக் குத்தினார்.

பெர்மெஸ்ஸோ வந்து, குடும்பத்துப் பேப்பரும் ஓடி முடிய இரண்டு வருசம் போச்சு. தொண்ணூற்றி எட்டு வைகாசியிலை எமிலியானாவும் யூலியானாவும் வந்து சேந்தினம். முதல் வெள்ளிக்கிழமை தகப்பன் பிள்ளையையும் வேலை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜெர்லாந்தோவின்ரை மேன்முறையீடு அப்பவும் நடந்துகொண்டிருந்தது. நடையின்ரை அந்தத் தொங்கலிலை அரிதட்டும் கம்பிக் கொம்புமாய் நிண்ட மனிசனைப் பிள்ளை கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாள்.

"அப்பா," எண்டாள், ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமல். "கொம்பு கோணலாய் இருக்கு."

சுவாம்பிள்ளை குனிஞ்சார், அவள் நேராக்கி விட்டாள்.