டாக்டர் கண் பட்ட உடம்பு

எங்கள் வீட்டில் நோயாளி என்றால் அது நான்தான். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் இருந்த அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்து சேர்ந்த நாளிலேயே எனக்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. தலைவலி, காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவள் இல்லை நான். நடவு நாளில் ஆட்களுக்குக் கூழ் சுமந்துபோய் ஊற்றிவிட்டு, வந்த கையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன். ஆனாலும் ஒல்லி. ஒல்லி என்றால் நோயாளி. வீட்டுக்கு வருகிறவர்கள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, சோறு போடுவதில்லையா என்று மாமியாரைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

வீட்டின் ஆரோக்கியம் மொத்தமும் என் ஓரகத்தியிடம் இருந்தது. அவள் மூத்த மருமகள். மாமியாருக்குச் சொந்த அண்ணன் மகள். அவள் கணவரான மூத்தவருக்கும் என் கணவருக்கும் நடுவில் பிறந்தவை எதுவும் தங்காததால், அவளுக்கும் எனக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஊர் அதை ஒரு குறையாகச் சொல்லிவிடக் கூடாதே என்று மாமியார் அவளை ஊட்டி ஊட்டி வளர்த்தார். நெய், எள்ளுருண்டை, உளுந்தங்களி, ஆடு அடித்தால் முதல் கறி. வளையல்காரர் வந்தால் அக்கா கையில் வளையல் ஏற்ற விளக்கெண்ணெய் கேட்பார். இந்த அளவு வளையல் இந்த ஒரு வீட்டுக்காகத்தான் எடுத்து வருகிறேன் என்பார். மாமியார் அதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார், கண் பட்டுவிடுமே. ஆனால் வளையல்காரருக்குத் தவறாமல் மோர் வரும்.

அக்கா நல்லவள். என் உடம்பு தேற வேண்டும் என்று மாமியார் கிண்டி வைத்த லேகியம் எனக்குக் குமட்டும். யாரும் பார்க்காத நேரத்தில் அக்கா அதை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அதையும் சேர்த்து அவள் உடம்பில்தான் ஏற்றினோம்.

ஐம்பது வயதையொட்டி அவளுக்குத் தீட்டு நின்றது. இரண்டு வருஷம் போல நிம்மதியாக இருந்தாள். பிறகு திரும்ப வந்தது. பத்து நாள் வரும், நிற்கும், மறுபடி வரும். கிணற்றடியில் பெண்கள் கேலி பேசினார்கள். வயசு திரும்புகிறதாம், அடுத்து சீமந்தம்தானாம். அக்காவும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். மாமியாருக்கோ பெருமை பிடிபடவில்லை. நன்றாகத் தின்று வளர்ந்த உடம்பு, அதனால்தான் இன்னும் வற்றவில்லை என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உடம்பில் ரத்தம் கூடுதல், கொஞ்சம் போவது நல்லதுதான் என்று நாட்டு மருத்துவச்சியும் ஒத்து ஊதினாள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. துணியைத் துவைக்கிறவள் நான். அந்தத் துணியில் இருந்தது சாதாரணத் தீட்டு இல்லை என்று சொன்னால், சின்னவளுக்குப் பொறாமை என்றார்கள்.

என் கணவரிடம் சொன்னேன். அது பொம்பளைங்க சமாச்சாரம், அம்மாவிடம் சொல் என்றார். அம்மாவிடம் சொல்லித்தானே இவரிடம் வந்தேன்.

கடைசியில் எனக்குக் கிடைத்த பட்டமே உதவிக்கு வந்தது. எனக்கு டானிக் எழுதி வாங்க வேண்டும் என்று, காஞ்சிபுரத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு லேடி டாக்டரிடம் போக ஏற்பாடானது. பட்டுச்சேலை பார்க்கலாம் என்று அக்காவையும் கிளப்பிவிட்டேன். மாமியாரும் பஸ் ஏறினார்.

டாக்டர் என்னை எடை மேடையில் நிறுத்தினார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாடி பார்த்தார். உங்களுக்கு ஒன்றுமில்லை, டானிக்கும் வேண்டாம் என்றார். மாமியார் முகம் விழுந்துவிட்டது. இத்தனை தூரம் பஸ்ஸில் வந்ததற்கு ஒரு பாட்டிலாவது கொடுக்க வேண்டாமா? நான் விடவில்லை. எனக்காக இல்லை டாக்டரம்மா என்று ஆரம்பித்து, அக்காவுக்கு நடப்பதை மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவை எடை மேடையில் ஏறச் சொன்னார். அக்கா மாமியாரைப் பார்த்தாள். எங்கள் பக்கம் நெல்லை நிறுப்போம், வெல்லத்தை நிறுப்போம், மனுஷரை நிறுக்கமாட்டோம். நிறுத்தாலும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். டாக்டர் நிறுத்தார். முள் நின்ற இடத்தை, வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் காதிலும் விழுகிறபடி நர்சிடம் உரக்கச் சொன்னார். பிறகு அக்காவை உள்ளே கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்து மாமியாரிடம் சொன்னார்.

“தீட்டு நின்னு போனவங்களுக்கு மறுபடி ரத்தம் பட்டா சும்மா விடக்கூடாதும்மா. அதுவும் இவ்வளவு கனத்த உடம்புன்னா, கர்ப்பப்பையில புத்து இருக்கான்னுதான் நாங்க முதல்ல பார்ப்போம். தாமதிக்காம மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்ப எடுத்துட்டா பிழைச்சுக்குவாங்க.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் மாமியார் காதில் விழுந்தது அந்த எடை மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, மிளகாய், உப்பு, தெருமண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். எரிகிற மிளகாயில் நெடி வரவில்லை என்றார். நெடி வராவிட்டால் பெரிய கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்தப் புகையில் இருமல் பிய்த்துக்கொண்டு போனது. அதை ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“அவளே ஈர்க்குச்சி மாதிரி கீறா, அந்த டாக்டரு. நம்ம பொண்ணப் பாத்து வயிறெரிஞ்சி சொல்லிட்டா,” என்றார் மாமியார்.

அக்கா கணவரிடம் போய் நின்றேன். மூத்தவர் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை, பேசினேன். அறுவடை முடியட்டும் என்றார். அறுவடை முடிந்தது. பிறகு தை, பிறகு மானாம்பதியில் ஒரு கல்யாணம், பிறகு ஏதோ அமாவாசை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். முட்டாள்கள் என்று திட்டித் தீர்த்துவிட முடிந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கல்யாணத்தின்போதே அக்கா இளைக்கத் தொடங்கியிருந்தாள். முதலில் தோள், அப்புறம் கன்னம். நான் பயந்தேன், மாமியாருக்கோ சந்தேகம் தீர்ந்தது. டாக்டர் கண் பட்டுத்தான் உருகுகிறாள். கண் எடுத்ததை ஊட்டித்தான் திருப்ப வேண்டும். நெய் இரண்டு மடங்கானது. அக்கா வாங்கி வாங்கி வாந்தியெடுத்தாள். விளக்கெண்ணெய் போட்டு ஏற்றிய வளையல்கள் முழங்கைவரை தாமாகவே ஏறி இறங்கின. கழன்று விழுந்தால் அபசகுனம் என்று மாமியார் அவற்றுக்கு மஞ்சள் நூல் சுற்றிக் கையோடு கட்டிவிட்டார்.

ஒருநாள் பின்கட்டில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது கேட்டேன். நீயாவது போகணும் என்று சொல்லேன் அக்கா, நீ சொன்னால் கேட்பார்கள்.

“சொல்லி இன்னா பண்றது கண்ணு,” என்றாள். “புள்ளதான் பெத்துக் குடுக்கல. இந்த ஒடம்ப வச்சிக்கினுதான் இந்த வூட்டுல தலை நிமிந்து நின்னேன். அதுலயே சீக்குன்னு எப்பிடிச் சொல்றது?”

நான் இத்தனை நாள் மற்றவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவளும் அந்தப் பக்கம்தான் நின்றாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வயிறு வீங்கி, நடக்க முடியாமல் போன பிறகு மெட்ராஸ் போனோம். எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். முன்னாலேயே யாரும் சொல்லவில்லையா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். மாமியார், ஒரு டாக்டர் கண் வைத்துவிட்டார் என்று இவரிடமும் சொன்னார். அடுத்த மழைக்காலத்துக்கு அக்கா இல்லை.

வெகுகாலம் கழித்து என் மகளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். கொழுப்பு என்பது சும்மா கிடக்கிற சதை இல்லை என்றார். தீட்டு நின்ற பிறகும் அது உடம்பில் ஒரு சுரப்பை ஊறவைத்துக் கர்ப்பப்பையைத் தூண்டிக்கொண்டே இருக்குமாம். பருமனானவர்கள் எல்லோருக்கும் புற்று வரும் என்றில்லை, ஒல்லியானவர்களுக்கு வராது என்றும் இல்லை. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அவர் அதை நிதானமாக விளக்கினார். எனக்குக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. காஞ்சிபுரத்து அம்மாள் காரணமெல்லாம் சொல்லவில்லை, ஆனால் செய்ய வேண்டியதைச் சொன்னாரே. காரணம் தெரியாமலே பிழைத்திருக்கலாம்.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லாம் போய் வீடு வெறிச்சென்று இருந்தது. பசி தாங்காமல் சாப்பிட உட்கார்ந்தேன். மாமியார் அழுது வீங்கிய முகத்தோடு அடுக்களையிலிருந்து வந்தார். கையில் நெய்க்கிண்ணம். என் எதிரே குனிந்தார்.

“அவதான் கண்ணு பட்டுப் போயிட்டா. நீயாச்சும் நல்லா துன்னுடி. அவள மாதிரி ஒடம்பு வை.”

கத்த வேண்டும்போல் இருந்தது. எழுபது வயதைத் தாண்டியவர், வளர்த்த பெண்ணை நேற்றுதான் முழுதாகப் பறிகொடுத்தவர். என்ன சொல்லிக் கத்துவது? சோற்றுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தேன். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் அது தெரியவில்லை போலிருக்கிறது, ஊற்றிவிட்டார். காய்ச்சி இறக்கிய நெய், புறங்கையில் சுட்டது. நான் கையை எடுக்கவில்லை.