மூன்று நாள் வேவு

தெருவில் அவருக்கு வைத்த பெயர் பைனாகுலர். இராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் வேவுப் பிரிவில் இருந்தவர். படை கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று பேராகப் போய், ஆற்றை எங்கே கடக்கலாம், பாலம் லாரியைத் தாங்குமா, எதிரே எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுத் திரும்புவது வேலை. கையில் துப்பாக்கி உண்டு. அதைச் சுட நேர்ந்தால் போன காரியம் கெட்டது என்று அர்த்தம். யார் கண்ணிலும் படக் கூடாது, எதையும் தொடக் கூடாது. திரும்பியதும் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்ல வேண்டும். அதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் பேச்சை நம்பி அதிகாரிகள் ஆட்களை ஆற்றில் இறக்கினார்கள். ஒருவரும் முழுகவில்லை.

வேலையை விட்டு வந்து வெகுகாலம் கழித்து மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் போகவில்லை. எட்டு மாதம் அவரே தூக்கினார், துடைத்தார். பிறகு அவருக்குக் குடல் இறக்க அறுவை நடந்தது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

முப்பது பேர் இருந்த அந்த இல்லத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. மூன்று நாள் அங்கே உட்கார்ந்து நோட்டில் குறித்தார். ஆயாக்கள் காலையில் ஆறு பேர், மாலையில் நாலு. டாக்டர் தினமும் வந்தார். காய்கறி வண்டி நேரம் தவறவில்லை. மொட்டைமாடிக் கொடியில் தினமும் முப்பது விரிப்புகள் காய்ந்தன. சுத்தமான இடம் என்று முடிவு கட்டினார்.

“நல்லாப் பாத்தீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“மூணு நாள் பாத்திருக்கேன். என் கண்ணு எப்பவாவது தப்பியிருக்கா?”

“சரி, உங்க இஷ்டம்.”

ஞாயிறுதோறும் அவளைச் சக்கர நாற்காலியில் கூடத்துக்குத் தள்ளி வருவார்கள். தலை வாரி, பவுடர் போட்டிருக்கும். நாலாவது வாரம், “அடியில எரியுதுங்க” என்றாள். பின்னால் நின்ற ஆயா, “நேத்துதான் மருந்து போட்டோம் சார், வெறும் வேர்க்குரு” என்று சிரித்தாள். எரிகிறது என்பது கேட்ட செய்தி. வாரிய தலை கண்ட செய்தி. கண்டதை நம்பி வீட்டுக்கு வந்தார்.

பத்தாவது வாரம் மனைவியின் தங்கை வெளியூரிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் ஊழியம் பார்த்தவள். கூடத்தில் உட்காராமல் நேராகப் படுக்கைக்குப் போய், போர்வையை விலக்கி, அக்காவைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவு குழிந்த படுக்கைப் புண். உள்ளே எலும்பு தெரிந்தது.

வாசலில் நின்றவரைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, சேக்குறதுக்கு முன்னால உள்ள போய்ப் பாத்தீங்களா? ஒரு கிழவியோட குதிகாலயாவது தூக்கிப் பாத்தீங்களா?”

“மூணு நாள் வெளியில இருந்து...”

“வெளியில என்னத்தப் பாத்தீங்க?”

“தினம் முப்பது விரிப்பு காஞ்சுதும்மா.”

“முப்பது காயுதுன்னா ஒருத்தரையும் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போறதில்லன்னு அர்த்தம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வெக்காம அப்படியே கெடத்திட்டாங்க. எதிரிய எண்ணுற மாதிரி எண்ணிட்டு வந்தீங்களா? உங்க பொண்டாட்டி, மாமா, அவ!”

அவர் நோட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். பிறகு உள்ளே போய், “வீட்டுக்குப் போயிடலாம்” என்றார்.

மனைவி தங்கையைப் பார்த்தாள். “நான் உன் வீட்டுக்கு வரேண்டி. அவரு வேணும்னா தெருவுல நின்னு பாக்கட்டும்.”

தங்கை வீட்டில் ஐந்து மாதம் இருந்தாள். புண் ஆறவில்லை, பெரிதானது. அவரும் அந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கி, தினம் காலையில் வந்து கூடத்தில் உட்காருவார். கட்டு மாற்றும்போது தங்கை கதவைச் சாத்திவிடுவாள். ஒருநாள் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. “மாமா, வந்து இவள ஒருக்களிச்சுப் பிடிங்க” என்று கூப்பிட்டாள்.

பிடித்தார். பஞ்சை எடுத்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

“பாத்தாச்சா?” என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

“பாத்தாச்சு.”

“அப்ப வெளிய போய் உக்காருங்க.”