பெரிய ஆர்டர் அன்று நின்றுபோகும் வண்டி

யூசுப் பாய் பிரியாணி போடுவதில் கெட்டிக்காரர். அதை நான் மறுக்க மாட்டேன். வண்டி விஷயத்தில் அவர் ஒரு மக்கு. அதை அவரும் மறுக்கக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். லோரி கழுவத் தொடங்கி, லோரி ஓட்டி, லோரி வாங்கி, இன்று என் பெயரில் ஆறு லோரிகள் ஓடுகின்றன. துரைசாமி என்று கேட்டால் சிராங்கூன் சாலையில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் புதிதாக வந்தவர்கள். ஆகையால் வண்டியைப் பற்றி நான் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும்.

முகம்மது யூசுப்புக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் சாப்பாட்டுக்கடை. கல்யாணம், பிறந்தநாள், கம்பெனி விருந்து என்று வெளி ஆர்டரும் எடுப்பார். கடை வயிற்றுக்கு, வெளி ஆர்டர் பெருமைக்கு. மண்டபத்தில் வெள்ளைச் சட்டையோடு, சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே பிறந்தவர் மாதிரி நிற்பார்.

சமையலில் அவருக்கு ஒரே கொள்கை. உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது. வெளியே இருப்பது உள்ளே வரக் கூடாது. தம் போடும்போது மைதா மாவைப் பிசைந்து தேக்சா மூடியின் விளிம்பு முழுக்க ஒட்டுவார். எங்கேயாவது ஒரு நூல் ஆவி கிளம்பினால் மாவுருண்டையோடு ஓடுவார், பிள்ளைக்கு அடிபட்ட மாதிரி. அடுப்படியில் இது நல்ல பழக்கம்தான். ஆனால் மனிதர் அடுப்படியோடு நிறுத்தவில்லை. சீனி டப்பாவுக்கு மூடி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக், அதற்கு மேல் ரப்பர் வளையம். அவர் மனைவி பரீதா ஒருநாள் என்னிடம், "அண்ணே, எங்க வீட்டுல ஒரு டீ போடணும்னாலும் மூணு முடிச்சு அவுக்கணும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முழுச் சிரிப்பு இல்லை.

யூசுப் பாயிடம் இரண்டு வரிசை இருக்கை வைத்த ஒரு டீசல் பிக்கப் உண்டு. போன வருஷக் கடைசியிலிருந்து அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. தினமும் இல்லை. லிட்டில் இந்தியாவுக்குள் காய்கறி, அரிசி ஏற்றிக்கொண்டு சுற்றும்போது குதிரை மாதிரி ஓடும். பெரிய ஆர்டரை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் ஏறினால் இருமும், இழுக்கும், செத்துப்போகும். ஈசூனில் ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு, அண்ணே," என்றார் யூசுப் பாய். "எதிர்க்கடைக்காரன் கண்ணு. சின்ன ஆர்டர்னா விட்டுடறான். பெரிய ஆர்டர்னா புடிச்சிடறான்."

"அவன் கண்ணு ஆர்டர் சைஸ் பாத்தா வேலை செய்யுது?"

"நீங்க நம்ப மாட்டீங்க."

பட்டறைக்காரர் ரமீஸ் வண்டியைப் பார்த்தார். டீசல் பில்டரை மாற்றினார். ஓட்டிப் பார்த்தார், ஓடியது. அடுத்த விருந்தன்று நின்றது. டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்பையும் மாற்றினார். ஓட்டிப் பார்த்தார், ஓடியது. அதற்கடுத்த விருந்தன்றும் நின்றது.

"அங்கிள், என்ஜினுக்கு டீசல் சரியாப் போகலன்னு கம்ப்யூட்டர் சொல்லுது," என்றார் ரமீஸ். "ஏன் போகலன்னு சொல்ல மாட்டேங்குது லா. எங்கிட்ட வரும்போது வண்டி நல்லா இருக்கு. நல்லா இருக்கறதுல என்னத்தை நான் கண்டுபிடிக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பல்வலிக்காரன் டாக்டர் வாசலுக்குப் போனதும் வலி ஓடிவிடுகிற மாதிரிதான் இந்த நோயும்.

பரீதாவுக்குப் பொறுமை போய்விட்டது. என் எதிரிலேயே சொன்னார்: "இங்க பாருங்க, இன்னும் ஒரு தடவை நடு ரோட்டுல நின்னுச்சுன்னா வெளி ஆர்டர் வேணவே வேணாம். கடையோட இருந்துக்கலாம். ஒவ்வொருத்தர் வீட்டுக் கல்யாணத்துலயும் நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு நிக்க முடியாது."

யூசுப் பாயின் முகம் சுருங்கிப்போனது. அந்த நேரத்தில்தான் என் நண்பர் சூசைநாதன் மகள் ஜோவன்னாவின் கல்யாண விருந்து வந்தது. குவீன்ஸ்டவுனில் தேவாலய மண்டபத்தில் மதியச் சாப்பாடு. யூசுப் பாயிடம் கொடுங்கள் என்று சூசைநாதனிடம் சொன்னதே நான்தான். என் வாக்கு ரோட்டோரத்தில் நிற்பதை நான் அனுமதிப்பதில்லை. ஆகவே நானும் வண்டியில் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

முந்தின நாள் பாயை உட்கார வைத்துக் கேட்டேன். "வண்டி கெட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதுல என்ன கை வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கலியே."

"நல்லா யோசிங்க பாய்."

"யோசிச்சிட்டேன். ஒண்ணும் இல்ல."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ டிரைவர்களை விசாரித்திருக்கிறேன். கேள்வி முடியும் முன்பே 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.

விருந்தன்று காலை தேக்சாக்களை ஏற்றி, பரீதாவும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டதும் பாய் நேராகப் பெட்ரோல் நிலையத்துக்கு விட்டார். டாங்கியில் பாதிக்கு மேல் டீசல் இருந்தது. "எதுக்கு?" என்றேன். "பெரிய ஆர்டர்னா புல் டாங்க் ஊத்திடுவேன், அண்ணே. வழியில ஒரு குறை இருக்கக் கூடாதில்ல." ஊழியரை நெருங்க விடாமல் தானே இறங்கி ஊற்றினார். நானும் இறங்கப் போனேன். "நீங்க ஏசியில உக்காருங்க," என்று கதவைச் சாத்திவிட்டார். ஊற்றி முடித்த பிறகும் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் என்னமோ செய்துகொண்டிருந்தார். கண் படாமல் இருக்க ஓதி ஊதுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விரைவுச்சாலையில் ஏறித் தாம்சன் தாண்டியதும் வண்டி இருமியது. பாய் மிதித்தார். மிதிக்க மிதிக்க இழுவை குறைந்தது. ஓரம் கட்டுவதற்குள் என்ஜின் செத்துவிட்டது. பின்னிருக்கையில் பரீதா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"கண்ணு," என்றார் பாய், ஸ்டியரிங்கில் தலை வைத்து.

"கண்ணாவது மூக்காவது. வாயை மூடுங்க, யோசிக்கணும்."

யோசித்தேன். நிற்பது பெரிய ஆர்டர் நாளில். பெரிய ஆர்டர் நாளில் டாங்கி நிரம்பியிருக்கிறது. டீசல் குறைவாக இருக்கிற நாளில் ஓடுகிறது. வயிறு நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு தாகத்தில் சாகிற வண்டியை நான் பார்த்ததில்லை. அப்படியானால் டீசல் இருக்கிறது, இழுக்கத்தான் முடியவில்லை. பாட்டிலைக் காற்றுப் போகாமல் வாயில் கவ்வி உறிஞ்சிப் பாருங்கள். இரண்டு மடக்குக்கு மேல் வராது, பாட்டில்தான் நசுங்கும். இறங்கிப் போய் டாங்கியின் சின்னக் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. டாங்கி மூடிக்கு மேல் இரட்டை பிளாஸ்டிக், அதைச் சுற்றி நூல், நூலுக்கு மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். மைதா மாவு மட்டும்தான் இல்லை.

பிய்த்து எறிந்து மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது.

"இப்ப அடிங்க ஸ்டார்ட்!"

இரண்டு முறை முக்கிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாய், இது என்ன கோலம்?"

"ஒரு கஸ்டமர் பிரியாணில டீசல் வாடை வருதுன்னு சொல்லிட்டார், அண்ணே." குரல் பாதாளத்தில் இருந்தது. "டாங்கிலேர்ந்துதான் வாடை கசியுதுன்னு மூடிட்டேன். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு யார்கிட்டயும் சொல்லல."

"அந்த மூடியில காத்துப் போக ஓட்டை வச்சிருக்கான். ஏன் வச்சிருக்கான்? உங்க கிட்ட அனுமதி கேக்க மறந்துட்டான்! டாங்கி நிறைய இருந்தா உள்ள காத்தே இருக்காது, சீக்கிரம் மூச்சு அடைக்கும். பாதி இருந்தா கொஞ்ச தூரம் தாங்கும். நின்னு கிடந்தா மெல்லக் காத்து ஏறிடும், ரமீஸ் கிட்ட போனா நல்ல பிள்ளையா ஓடும். பாவம், அந்த ஆளு நல்லா இருந்த பம்பைக் கழட்டி எறிஞ்சாரு."

"ரமீஸ் கேக்கலியே, அண்ணே."

"நான் கேட்டேனே!"

பாய் வண்டியைக் கிளப்பினார். பின்னிருக்கையில் பரீதா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மண்டபத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். சூசைநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது. தேக்சாக்களை இறக்கி மேசைக்குப் பின்னால் வைத்தாகிவிட்டது. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். யூசுப் பாய் முடிக்க விடவில்லை. முதல் தேக்சாவைத் திறந்து குனிந்து முகர்ந்தார். மூடினார். மறுபடி திறந்து முகர்ந்தார்.

"வாடை வருது."

"என்ன வாடை?"

"டீசல். டாங்கியத் தொறந்து விட்டீங்கள்ல, அண்ணே. ஏறிடுச்சு. இதப் போட முடியாது."

நானும் முகர்ந்தேன். நெய், ஏலக்காய், ஆட்டுக்கறி. வேறொன்றும் இல்லை. விருந்தினர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சூசைநாதன், "பாய், ஆரம்பிக்கலாமா? பசங்க பசியில இருக்காங்க," என்றார். பாய் இரண்டாவது தேக்சாவுக்குள் தலையை விட்டிருந்தார்.

பரீதா வந்தார். கணவரின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி அவர் மூக்கிலேயே வைத்தார்.

"மோந்து பாருங்க."

பாய் முகர்ந்தார். கண் விரிந்தது.

"டீசல் ஊத்திட்டு இதுலதான் கை தொடைக்கிறீங்க. இதுலயே தேக்சா மூடியையும் தொடைக்கிறீங்க. டாங்கிய மூடினாராம், டாங்கிய!" துண்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். "தள்ளுங்க." கரண்டியைப் பிடுங்கி முதல் தட்டில் சோற்றை வைத்தார்.

சாப்பாடு அருமை என்று எல்லாரும் சொன்னார்கள். பாய் சுவரோரம் நின்று சாப்பிடுகிறவர்கள் முகங்களைப் பார்த்தார். வரிசை ஓய்ந்ததும் மெல்லப் பரீதாவிடம் வந்தார்.

"வெளி ஆர்டர்... எடுக்கலாம்ல?"

"எடுங்க. ஆனா டீசல் இனிமே நான்தான் ஊத்துவேன்."

"உனக்கு ஊத்தத் தெரியுமா?"

"ஊத்தக் கத்துக்கலாம்," என்றார் பரீதா, அடுத்த தட்டை நீட்டச் சொல்லிக் கை காட்டியபடி. "உங்கள மாதிரி மூடத்தான் எனக்கு வராது."